நூறாவது நாள்

குடிக்காத நாட்களை எண்ணும் செயலி அது. பல்கலைக்கழகமே மாணவர்களின் போன்களில் ஏற்றிக் கொடுத்திருந்தது. நூறு நாளைத் தொட்ட பத்துப் பேருக்கு இன்று பாராட்டு விழா. பேனரில் முதல் படம் ஜெயசீலனுடையது.

"நேத்து குடிச்சிட்டேன், மேடம்" என்றான், திட்டப் பொறுப்பாளர் வசுமதியிடம்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாள்தானேப்பா. துணைவேந்தர் வந்துட்டாரு, பேனரும் கட்டியாச்சு. இன்னிக்கு போன்ல அந்த ஆப்பைத் தொடாம இரு, போதும்."

"தொடலேன்னா குடிக்கலேன்னு ஆயிடுமா?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"வீட்ல பொய் சொல்றேன், கிளாஸ்ல பொய் சொல்றேன். இதுகிட்ட மட்டும் இதுவரைக்கும் சொன்னதில்ல, மேடம்."

அவர் கண்ணெதிரிலேயே 'குடித்தேன்' என்ற பொத்தானை அழுத்தினான். நூறு பூஜ்யமானது. பூஜ்யமாகும்போதெல்லாம் அந்தச் செயலி மணியடிக்கும். மேடையேறக் காத்திருந்த ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெயசீலன் வெளியேறவில்லை. போனை உயர்த்திப் பிடித்தபடி அவர்களின் வரிசையிலேயே கடைசியாகப் போய் நின்றான்.

துணைவேந்தர் மைக்கைத் தட்டினார். வரிசையின் நடுவிலிருந்து ஒரு மணி கேட்டது. பிறகு முன்னாலிருந்து இன்னொன்று.