பம்பு பார்க்காத கிணறு

பாலைவனத்துக் கிணறு ஒன்றில் தண்ணீர் நாளுக்கு நாள் கீழே போனது. உள்ளே இருந்த தவளை பதறியது. அதன் சிநேகிதியான ஒட்டகம் பக்கத்துச் சுரங்கத்துக்கு ஓடி, அங்கே இரைந்துகொண்டிருந்த பம்பிடம் கேட்டது.

“எங்க தண்ணிய ஏன் எடுக்கிறே?”

“குழியில ஊறுற தண்ணியத்தான் வெளிய கொட்டுறேன். இல்லேன்னா தோண்ட முடியாதே! உங்க கிணத்த நான் பார்த்ததுகூட இல்ல” என்றது பம்பு.

“வந்து பாரேன்.”

“வரணும்னா நான் நிக்கணுமே!”

ஒட்டகம் திரும்பியபோது கிணற்றில் சேறுதான் இருந்தது. முழங்கால் போட்டுக் கழுத்தை உள்ளே நீட்டியது. தவளைக்கு எட்டவில்லை.

“நீயாவது வேற தண்ணி தேடிப் போ” என்றது தவளை.

ஒட்டகம் கொஞ்ச தூரம் நடந்தது. திரும்பி வந்து எட்டிப் பார்த்தது. மறுபடியும் கிளம்பியது, மறுபடியும் வந்தது.