பட்டியலில் மரவட்டைக்கு என்ன பேர்?

மழை விட்டு மண் மணத்த ஒரு காலத்திலே, ஒரு தோட்டத்துப் பூச்சிகளுக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் வந்ததாம். மரவட்டைக்கு அதுதான் முதல் ஓட்டு. முந்தின நாளே சாவடி எதுவென்று விசாரித்து வைத்து, விடியும்போதே கிளம்பி, சாயங்காலம் வாழைமரத்தடிச் சாவடிக்கு வந்து சேர்ந்தது.

வாக்காளர் பட்டியலைப் புரட்டிய தேர்தல் அதிகாரி கட்டெறும்பு, “மரவட்டைன்னு பேரே இல்லையேம்மா,” என்றது.

அவ்வளவுதான், மரவட்டை அப்படியே சுருண்டு போனது.

பூத் ஏஜென்ட் நத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பிள்ளைங்க எல்லாம் உன்னை ரயில்பூச்சின்னுதானே கூப்பிடுதுங்க? ‘ர’வுல பாருங்கண்ணே!”

பார்த்தால், இருந்தது! மரவட்டை நிமிர்ந்தது.

மைக்குச்சியை எடுத்த கட்டெறும்பு திகைத்தது. “எந்தக் காலும்மா?”

“எல்லாக் காலுக்கும் வைங்கண்ணே, ஊரே பார்க்கட்டும்!”

மைக்குப்பி காலியானது. ஓட்டுப் போட்டுவிட்டு, கறுத்த கால்கள் அலையலையாக அசைய, மரவட்டை வீட்டைப் பார்த்து நடந்தது.