உறுத்தாத உறை

துப்பாக்கியை இடுப்பில் செருகிக் கோட்டை மூடிக்கொண்டு, அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். எழுந்தாள். பிறகு யாரையோ நெருங்குவது போல மெதுவாக நடந்து வந்தாள்.

"வெளியில தெரியுதா?"

"குனியும்போது தெரியுது. கைப்பிடி புடைச்சுக்கிட்டு நிக்குது," என்றான் பிராடி.

அது நீல நிறப் பிளாஸ்டிக் துப்பாக்கி. அதன்மேல் தோலை இழுத்து வைத்துத்தான் அவன் இடுப்பில் கட்டும் துப்பாக்கி உறை செய்வான். எல்லா அளவிலும் அப்படிப்பட்ட பொம்மைகள் கடைச் சுவரில் தொங்கின. கேன்சஸின் அந்தச் சின்ன ஊரில், சட்டைக்குள் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவன் செய்த உறையைத்தான் கட்டியிருந்தார்கள்.

இவளை அவன் முன்பு பார்த்ததில்லை. பெயர் டெல்மா, பக்கத்து ஊர் என்றாள். அறுபது வயதிருக்கும். கோட்டின் கைகளில் செம்பழுப்பு முடி நிறைய ஒட்டியிருந்தது. அவளுடைய தலையோ முழு வெள்ளை.

"கைப்பையில போட்டுக்கிட்டா என்ன?"

"பையைப் பிடுங்கிட்டு ஓடினா துப்பாக்கியும் சேர்ந்து போயிடும். இடுப்பு எலும்புக்குக் கொஞ்சம் பின்னால தள்ளி வைங்க. உங்க பெல்ட் துணி மாதிரி தொங்குது, இந்த விறைப்பானதைக் கட்டுங்க. இப்போ சர்ச் பெஞ்சுல உக்கார்ற மாதிரி நேரா உக்காருங்க."

"சர்ச்ல நான் தூங்குவேன்."

"தூங்கும்போதும் குத்தக் கூடாது."

அவள் சுவரில் இருந்ததிலேயே சின்னதைக் காட்டினாள். "அது போதாதா?"

"சின்னது வெச்சுக்கத்தான் சுகம். சுட்டா கையை உதறிடும். அப்புறம் சுட்டுப் பழகவே தோணாது."

"நான் பழகப் போறதில்ல, கண்ணு. ஒரு தடவைக்குத்தான் வேணும்."

பிராடியின் கை அவன் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்குக் கீழே போனது. அங்கே எதையோ தடவப் போய், ஒன்றும் இல்லாமல் மேலே வந்தது.

வழக்கமாக வருகிறவர்கள் வெயிலில் வியர்க்குமா, கார் ஓட்டும்போது குத்துமா என்று கேட்பார்கள். தினமும் கட்டப்போகிறவர்களின் கேள்விகள் அவை. இவள் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"ஒரு ஆளைப் பார்க்கணும். கிட்டப் போற வரைக்கும் அவனுக்குச் சந்தேகம் வரக் கூடாது."

"உங்களை மிரட்டினானா?"

"இல்ல. ஆனா நேத்து அவன் செஞ்ச காரியத்தால என் கூடப் பிறந்தவனுக்குத் தூக்கம் போச்சு. அத்தாம் பெரிய ஆம்பளை, சமையலறையில உக்காந்து அழறான்."

"ஷெரிஃப்கிட்ட சொல்லலாமே."

"ஷெரிஃப் போய் நின்னா அவன் கதவைச் சாத்திக்குவான். அப்புறம் காரியம் கெட்டுடும்."

இவளைக் கையில் ஆயுதத்தோடு ஒருவனிடம் அனுப்பக் கூடாது என்று பிராடிக்குத் தெரிந்தது. "நான் இப்போ புது ஆர்டர் எடுக்கறதில்லம்மா," என்றான்.

"கடையை மூடறியா?"

"கொஞ்சம் ஓய்வு."

டெல்மா சுற்றிலும் பார்த்தாள். வேலை மேஜை துடைத்து வைத்தது போல இருந்தது. தோல் துண்டு ஒன்றுகூட இல்லை. கொக்கியில் பூப்போட்ட ஏப்ரன் ஒன்று மட்டும் தொங்கியது.

"அது?"

"என் மனைவியோடது. மார்ச்ல தவறிப்போயிட்டா."

டெல்மா ஏப்ரனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பொம்மையை மேஜையில் வைத்தாள்.

"இந்தப் பிளாஸ்டிக்குக்குக் கனமே இல்ல. நிஜமானது இடுப்பை இழுக்குமா இழுக்காதான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? உன்கிட்ட நிஜத் துப்பாக்கி எத்தனை இருக்கு?"

"நான் கட்டியிருக்கறது ஒண்ணுதான்."

"வீட்டுல? வேட்டைத் துப்பாக்கி?"

"மச்சானுக்குக் கொடுத்துட்டேன்."

அவளை எப்படியாவது கொஞ்ச நேரம் இங்கேயே நிறுத்திவைக்க வேண்டும். அதற்குள் ஷெரிஃபைக் கூப்பிட்டுவிட வேண்டும். பிராடி தன் துப்பாக்கியை உறையோடு கழற்றினான். குண்டுகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். உள்ளே எதுவும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினான்.

அவள் அதைப் பெல்ட்டில் மாட்டினாள். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். இப்போது ஒன்றும் தெரியவில்லை.

"உறுத்துதா?" என்றான், மேஜைக்கடியில் போனைத் தேடியபடி.

"இல்ல. இப்பதான் நிம்மதியா இருக்கு."

சொல்லிக்கொண்டே கதவை நோக்கி நடந்தாள். பிராடி ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தான். போன் கையில் இருந்தது.

"அம்மா, நில்லுங்க. அது என்னோடது. விக்கறதுக்கில்ல."

"நான் வாங்க வரல."

அவள் கதவைத் திறந்தாள். வெளியே நின்ற அவள் வண்டியிலிருந்து ஒரு நாய் குரைத்தது. மூச்சு விடாமல், கதவைப் பிறாண்டிக்கொண்டு குரைத்தது.

பிராடி போனைக் கீழே வைத்தான். அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். நேற்றுவரை அந்த நாய் இந்த ஸ்டூலுக்குக் கீழேதான் படுத்திருந்தது.

"நேத்து நீ நாயை விட்டுட்டு வந்தியே, அந்தத் தீவனக் கடை ஹேங்க் என் கூடப் பிறந்தவன்," என்றாள் டெல்மா. "சனிக்கிழமை காடை வேட்டை சீசன் ஆரம்பம். அன்னைக்கு உயிரோட இருக்க நினைக்கறவன் எவனாவது இந்த வாரத்துல தன் வேட்டை நாயைத் தூக்கிக் கொடுப்பானா, கண்ணு?"