பின் சீட்டைக் காணோம்

"ஏங்க, கார்ல பின் சீட்டைக் காணோங்க!"

கணக்கு வாத்தியார் பரீட்சைப் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நல்லாப் பார்த்தியா?"

"சீட்டு என்ன ஊசியா, நல்லாப் பார்க்கறதுக்கு? ஸ்டெப்னியும் இல்லை. ஜாக்கியும் இல்லை!"

அவர் மனைவி ஆம்புலன்ஸ் டிரைவர். நைட் டியூட்டி முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முதல் ரேஸ். ஊருக்கு வெளியே நேராகப் போட்ட ஓடுபாதை. இரண்டிரண்டு கார்களாக நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நானூறு மீட்டர். அவ்வளவுதான். வீட்டுக் காரையே கொண்டு வரலாம் என்று அறிவித்ததும் முதல் ஆளாகப் பேர் கொடுத்துவிட்டாள்.

பதினோரு வருஷமாக வேகமாகத்தான் ஓட்டுகிறாள். ஆனால் பின்னால் எப்போதும் ஓர் உயிர் முனகிக்கொண்டிருக்கும். 'யாரும் சாகக் கிடக்காம, ஒரே ஒரு தடவை எனக்காக வேகமா ஓட்டணும்' என்று ஆசை.

வாத்தியாரோ சைக்கிள்காரனுக்கே வழிவிட்டு ஓட்டுகிற மனுஷன். போன மாதம் விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "ரேஸாவது மண்ணாவது! நான் இருக்கிற வரைக்கும் நடக்காது" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவளும் கொடுத்த பேரைத் திரும்ப வாங்கவில்லை.

அவள் காருக்குத் திரும்பிப் போய்ச் சாவியைத் திருகினாள். முந்தின நாள் டேங்க் நிறைய பெட்ரோல் போட்டிருந்தாள். முள் இப்போது கால் டேங்கில் நின்றது.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திருடனா? பாட்டுப் பெட்டி அப்படியே இருக்கிறது. கூலிங் கிளாஸ் வைத்த இடத்தில் இருக்கிறது. சீட்டைத் திருடிக்கொண்டு போய் எவன் உட்காரப் போகிறான்?

பக்கத்துத் தெருவிலிருந்து அண்ணனை வரவழைத்தாள். அவர் வீட்டைச் சுற்றி வந்து, படிக்கட்டுக்கு அடியில் குனிந்தார்.

"இங்க வந்து பாரும்மா."

பழைய போர்வையில் பத்திரமாகச் சுற்றி வைத்த சீட்டு. பக்கத்தில் ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டு கேன் பெட்ரோல். ஒரு சாக்பீஸ் டப்பாவில் போல்ட்டும் நட்டும், அளவு வாரியாக.

சாக்பீஸ் டப்பா! இனி யாரைக் கேட்க வேண்டும்?

அண்ணன் கொதித்துப்போனார். "மாப்பிள்ளை, பிடிக்கலைன்னா அன்னிக்கு மாதிரி மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. ராத்திரியோட ராத்திரியா கழட்டி ஒளிச்சு வைக்கறதெல்லாம் ஒரு பொழைப்பா? படிச்சவர்தானே நீங்க?"

வாத்தியார் தேள் கொட்டின திருடன் மாதிரி நின்றார்.

"பேப்பர் திருத்தணும்" என்று உள்ளே போய்விட்டார்.

அவளுக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். பதினாறு வருஷக் குடும்பம். கோபம் வந்தால் கத்துவார், சாப்பிடாமல் படுப்பார். இப்படி மறைமுகமாக எதுவும் செய்ததில்லையே!

அண்ணனும் தங்கையுமாகச் சீட்டை மாட்டினார்கள். ஸ்டெப்னியை ஏற்றினார்கள். டேங்க் வழிய வழிய பெட்ரோல் ஊற்றினார்கள். ஆம்புலன்ஸ் கற்றுக்கொடுத்த பாடம் அது. டேங்க் நிறைந்திருக்க வேண்டும், டயர் கல் மாதிரி இருக்க வேண்டும்.

ஞாயிறு காலை பார்த்தால் முன் டயர் இரண்டும் லேசாகத் தொய்ந்திருந்தன.

"மறுபடியுமா!"

பல்லைக் கடித்துக்கொண்டு காற்றடித்தாள். வீட்டில் வாத்தியாரைக் காணோம். 'பார்த்துப் போ'ன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூட ஆள் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஓடுபாதை வாசலில் வண்டிகளைச் சோதிக்கிறவர் அவள் காரைச் சுற்றி வந்து சிரித்தார்.

"முதல் தடவையாம்மா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"குடும்பத்தோட டூர் கிளம்பின மாதிரி வந்திருக்கீங்களே! பின் சீட்டு எதுக்கு? ஸ்டெப்னி எதுக்கு? நானூறு மீட்டருக்கு ஃபுல் டேங்க்கா? எடை குறைஞ்சாத்தாம்மா வண்டி பறக்கும்."

வரிசையில் நின்ற கார்களை எட்டிப் பார்த்தாள். ஒன்றிலும் பின் சீட்டு இல்லை.

"முன் டயர்ல காத்து...?" என்று இழுத்தாள்.

"கொஞ்சம் இறக்கி வைக்கணும். அப்பத்தான் கிளம்பறப்ப தரையைப் பிடிக்கும். ஏம்மா, வீட்ல விவரம் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?"

அவள் சற்றுத் தள்ளிப் போய் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஏங்க... சீட்டைக் கழட்டினது இதுக்குத்தானா?"

"ரேஸ் புத்தகம் ஒண்ணு வாங்கிப் படிச்சேன். அதுல அப்படித்தான் போட்டிருந்தது."

"வாயைத் திறந்து சொல்லக் கூடாதா? எங்க அண்ணன் அவ்வளவு கேட்டாரே!"

"ஊரைக் கூட்டி வச்சு வீராப்பாப் பேசிட்டேன். அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு 'போய் ஜெயிச்சுட்டு வா'ன்னு சொல்றது?" தொண்டையைச் செருமினார். "அதை விடு. காத்தை இறக்கு. பச்சை விழுந்ததும் ஒரேயடியா மிதிக்காதே, சக்கரம் சும்மா சுத்தும். ஹெல்மெட் பட்டையை இறுக்கிக்கோ."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்லதான். பேப்பர் திருத்திக்கிட்டிருக்கேன்."

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி அலறியது. "இருபத்தேழாம் நம்பர் கார், ஆம்புலன்ஸ் டிரைவர் அக்கா, கோட்டுக்கு வாங்க!"

வீட்டில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவரின் போனுக்குள்ளும் அதே குரல் கேட்டது, இன்னும் சத்தமாக.