முதுகில் ஒரு தட்டு

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில், மருமகன் வாங்கிக் கொடுத்த புது லேப்டாப்புக்கு வயிறு எரிந்தது. முதலாளி அருமைநாயகம் அதைத் தொடுவதேயில்லை. பழைய கம்ப்யூட்டரோ தினமும் மக்கர் பண்ணும். அவரும் "மெதுவா வா ராசா" என்று அதன் முதுகில் தட்டிக் கொடுப்பார்.

"உன்கிட்ட அப்படி என்னய்யா இருக்கு?" என்றது லேப்டாப்.

"தெரியலையேப்பா. நின்னுபோவேன், தட்டுவார், கிளம்பிடுவேன்" என்றது பழையது.

ஓகோ, இதுதான் சங்கதியா! மறுநாள் அருமைநாயகம் அதிசயமாக லேப்டாப்பைத் திறந்தார். அது வேண்டுமென்றே திரையை இருட்டாக்கிக்கொண்டு, ஒரு தட்டுக்காக ஆசையோடு காத்திருந்தது.

"புதுசுலயே இப்படியா? மாப்பிள்ளைகிட்ட அப்பவே வேண்டாம்னேன்!" என்று அதை அட்டைப்பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார்.

உள்ளே ஒரே இருட்டு. வெளியே தட், தட் என்று சத்தம் கேட்டது.

"மெதுவா வா ராசா."