திருப்பதிசாரம் டோல்கேட்

திருப்பதிசாரம் டோல்கேட்டில் தடுப்புக் கம்பி உயர்ந்தது. கொஞ்சம் தள்ளி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒற்றைக்கட்டைக்கு எதற்குக் கார் என்று ஆபீசில் கேட்காத ஆள் இல்லை. சும்மா ஒரு ஆசை என்று சொல்லி வைத்திருந்தேன். அதுவும் கேரளாவுக்குப் போய்ப் பழைய கார். மலையாளிகள் வண்டியைப் பூப்போல வைத்திருப்பார்கள் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை.

காலையில் கழக்கூட்டத்தில் சாவியைக் கொடுத்தவர் ஓமனா அம்மா. வண்டி அவருடைய மகனுடையது. மகன் அயர்லாந்துக்குப் போய்விட்டான். அவ்வளவு பெரிய வீட்டில் அவர் மட்டும்தான். சாயா போட்டுத் தந்தார். என் நம்பரைக் கேட்டு, சுவரில் தொங்கிய காலண்டரில் எழுதிக்கொண்டார்.

திருவல்லம் டோலைத் தாண்டிய சற்று நேரத்தில் போன் அடித்தது. அவர்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகனின் ஃபாஸ்டேக் கண்ணாடியில் அப்படியே ஒட்டியிருந்தது. டோல் காசு அவன் கணக்கில் போயிருக்கிறது. வெட்கமாகப் போயிற்று. இன்றைக்கே மாற்றிவிடுகிறேன் என்று பதறினேன்.

அவர் காசைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த ஃபாஸ்டேக்கை மகன் அவருடைய நம்பரில்தான் எடுத்திருந்தானாம். எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவன் இல்லையாம் அவன். டோல் தாண்டியதும் வருகிற மெசேஜைப் பார்த்துத்தான், பிள்ளை இன்ன இடத்தில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்வாராம். அவன் விமானம் ஏறிய பிறகு அதுவும் நின்றுபோயிற்று. இன்றைக்கு மெசேஜ் வந்ததும் இருப்புக் கொள்ளவில்லை, என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"மோனே, வல்லதும் கழிச்சோ?" என்றார். மகனே, ஏதாவது சாப்பிட்டாயா என்று.

எங்கே போகிறாய், எப்போது வந்து சேர்ந்தாய் என்று என்னைக் கேட்க, அம்மா போன பிறகு ஆள் இல்லை. நான் எந்த ரோட்டில் விழுந்து கிடந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதெல்லாம் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். பழகவில்லை.

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

களியக்காவிளையில் எல்லையைத் தாண்டும்போது போனைப் பார்த்தேன். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போதும் பார்த்தேன். அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? அங்கெல்லாம் டோல் கிடையாது. சின்னப் பிள்ளை மாதிரி முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, பக்கத்து சீட்டில் பார்க்க ஆள் இல்லை.

இப்போது டோல்கேட் தாண்டி நிற்கிறேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்தித் திட்டிவிட்டுப் போனான். திட்டட்டும்.

மடியில் போன் அதிர்ந்தது.

"திருப்பதிசாரம் எத்தி, அல்லே? இனி வீட்டிலேக்கு எத்ர தூரம் உண்டு மோனே?" திருப்பதிசாரம் வந்து சேர்ந்தாயிற்று அல்லவா, வீட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் தூரம் உண்டும்மா. எத்திட்டு விளிக்கேன்" என்றேன், போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன் என்று.

என் வீடு கோட்டாறில் இருக்கிறது. அதன் பூட்டிய வாசலைத் தாண்டித்தான் டோல்கேட்டுக்கு வந்திருந்தேன்.