ஐந்தாவது பிளேட்டு

அமிர்தவள்ளி, உனக்கு மட்டும் சொல்கிறேன். பயமாகவும் இருக்கிறது, எழுந்து குதிக்க வேண்டும் போலவும் இருக்கிறது.

இன்று காலை காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் குண்டடிபட்ட நாரை ஒன்று கிடந்தது. ஞானமுத்து அண்ணன் அதைப் படமெடுக்க முக்காலியில் கேமராவை நிறுத்தினான். அப்பா தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து கொண்டுவந்த ஆட்டுத்தோல் வாரால் அதன் இறக்கையைக் கட்டலாம் என்றேன்.

"தொடாத, ஜெபா. நாம படம் புடிக்க வந்தோமா, வைத்தியம் பாக்க வந்தோமா?"

"செத்துடும்ணா!"

"காட்டுப் பறவைடி. நீ தொட்டாலே பயத்துல செத்துடும்."

நான் தொடவில்லை. கேமராவுக்குள் வெளிச்சம் புகாமல் கருப்புத் துணியைப் பிடித்தபடி அவன் பின்னாலேயே நின்றேன்.

வீட்டு இருட்டறையில் படம் பிடித்த நான்கு கண்ணாடி பிளேட்டுகளை மருந்துத் தண்ணீரில் கழுவினான். மூன்றில் நாரை மட்டும் இருந்தது. நான்காவதில் நான் குனிந்து அதன் இறக்கையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி இது? எப்போ போன?"

"போகவே இல்லண்ணா!"

இருவரும் ஏரிக்கு ஓடினோம். நாரை அதே இடத்தில் கட்டில்லாமல் கிடந்தது. உயிர் இருந்தது!

"கட்டுடி, சீக்கிரம்!" என்று அண்ணனே கத்தினான்.

நான் கட்டக் கட்ட, மிச்சமிருந்த ஐந்தாவது பிளேட்டில் படமெடுத்தான். நாரை எழுந்தது. தண்ணீருக்குள் நடந்தே போனது, அமிர்தம்!

சாயங்காலம் அந்தப் பிளேட்டையும் கழுவினோம். இறக்கையில் பாதிக் கட்டோடு நாரை கிடந்தது. பக்கத்தில் நான் இல்லை, யாருமே இல்லை.

அண்ணன் என் இடது கையைப் பிடித்துக்கொண்டான். சாப்பிடும்போதுகூட விடவில்லை.